ஹெதர் பூத்த மாலையில் ஒரு மூர் நடை: முதல்முறை கேமராவோடு போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்திலிருந்து மேற்கே போகும் சாலையில் காரில் போனால், அரை மணி நேரத்துக்குள் வீடுகள் முடிந்து மூர் தொடங்கிவிடும். மரம் அதிகம் இல்லாத, காற்று ஓயாத மேட்டு நிலத்தைத்தான் மூர் என்கிறார்கள். மேலே ஹெதர் புதரும் பெரணியும் புல்லும், அடியில் செடிகள் மக்கிச் சேர்ந்த, தண்ணீர் ஊறிய கருப்புப் பீட் மண், இடையிடையே கிரிட்ஸ்டோன் எனும் சொரசொரப்பான மணற்கல் பாறைகள். இது பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் கிழக்கு ஓரம். பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா அது, 1951ல் அறிவித்தார்கள்.

ஆகஸ்டில் ஹெதர் பூத்து இந்த நிலம் ஊதாவாக மாறும். அதைப் பார்த்துவிட்டுக் கேமராவோடு ஓடுகிற பலர் ஒரே மாதிரிப் படத்தோடு திரும்புகிறார்கள்: கீழே இருட்டாக ஒரு பட்டை, மேலே வெளுத்துப்போன ஒரு பட்டை, நடுவில் சின்னதாகச் சூரியன். என் முதல் இரண்டு கோடைகளும் அப்படித்தான் போயின. வெளிச்சம் போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் காரணம். மூரில் சூரியனை உங்கள் தோளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முகத்துக்கு நேரே வேண்டாம். பக்கவாட்டில் விழும் வெயிலில்தான் ஒவ்வொரு ஹெதர் கொத்துக்கும் ஒரு நிழல் கிடைக்கிறது, தட்டையான நிலத்துக்கு மேடு பள்ளம் வருகிறது. கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

நான் சொல்லும் பாதை சர்ப்ரைஸ் வியூ என்ற கார் நிறுத்தத்தில் தொடங்குகிறது. ஃபாக்ஸ் ஹவுஸ் என்ற இடத்திலிருந்து ஹாதர்சேஜ் ஊருக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து மதர் கேப் என்ற தனிப்பாறை, அதற்கு மேலே ஓவர் அவ்லர் டோர், பிறகு ஹிக்கர் டோர். டோர் என்றால் பாறைக் குன்று. மொத்தம் சுமார் இரண்டு கிலோமீட்டர், ஏற்றமும் மிதமானதுதான். கையில் கேமரா இருந்தால் இதற்கே இரண்டு மணி நேரம் ஆகும்.

நாளும் நேரமும்

ஹெதரில் முக்கியமாக இரண்டு வகை. பெல் ஹெதர் ஜூலையிலேயே பூக்கும். நிறம் அடர்த்தி, ஆனால் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். மூர் முழுவதையும் போர்த்துவது லிங் என்ற வகை. அது ஆகஸ்ட் தொடக்கத்தில் பூக்க ஆரம்பித்து செப்டம்பர் முதல் வாரம்வரை தாக்குப்பிடிக்கும். ஒரே ஒரு மாலைதான் போக முடியும் என்றால் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் போங்கள். வறண்ட கோடையில் பூ சீக்கிரமே பழுப்பாகிவிடும், அதனால் போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு யாராவது எடுத்த புதுப் படங்களைத் தேடிப் பாருங்கள். பூ இல்லாத காலத்தில் போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். ஜூனில் ஈரமான இடங்களில் பருத்திப்புல் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு காட்டும், எதிர்வெயிலில் அது ஒளிரும்.

ஆகஸ்ட் நடுவில் இங்கே சூரியன் மறைவது இரவு எட்டரை மணி வாக்கில். மாதக் கடைசியில் எட்டு மணி. ஜூன் மூன்றாம் வாரத்தில் ஒன்பதே முக்காலை நெருங்கிவிடும். மறைவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே நடக்கத் தொடங்குங்கள்.

நம் ஊரில் வளர்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது. மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். இங்கே அது சரிந்து, அடிவானத்தை உரசிக்கொண்டே இறங்கும். ஆகஸ்டில் அந்தி வெளிச்சம் ஏறக்குறைய நாற்பது நிமிடம் நிற்கும், ஜூனில் இன்னும் அதிகம். பழக்கதோஷத்தில் சூரியன் போனதும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள்.

மறையும் திசையும் மாதத்துக்கு மாதம் நகர்கிறது. ஜூனில் வடமேற்கில் மறையும் சூரியன், ஆகஸ்ட் கடைசியில் மேற்குக்குச் சற்றே வடக்காக, ஹோப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் நிற்கும் மாம் டோர் மலைப் பக்கமாக வந்துவிடும். தேதியையும் இடத்தையும் கொடுத்தால் சூரியன் எங்கே மறையும் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. கிளம்பும் முன் ஐந்து நிமிடம் பாருங்கள்.

மேகமே இல்லாத நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். பாதி வானம் மேகமாகவும் மேற்கு அடிவானத்தில் ஒரு இடைவெளியும் இருக்கும் நாள்தான் நல்ல நாள். அந்த இடைவெளி வழியாகக் கடைசி வெயில் மேகத்துக்குக் கீழே புகுந்து நிலத்தைத் தடவும். வானிலை அறிக்கையில் மழையைப் பார்ப்பதுபோலக் காற்றையும் பாருங்கள். மணிக்கு 15 மைலுக்கு மேல் அடித்தால் ஹெதர் ஒரு நிமிடம்கூட நிற்காது.

பையில் என்ன

கேமரா, 24 முதல் 70 மில்லிமீட்டர் வரை போகும் ஒரு லென்ஸ், ட்ரைபாட், உபரி பேட்டரி, லென்ஸ் துடைக்கும் துணி இரண்டு. தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் நீள லென்ஸ் ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதற்காக வாங்க வேண்டாம். ஃபில்டரில் போலரைசர் மட்டும் போதும். அது ஹெதர் இலை, ஈரப்பாறை இவற்றின் பளபளப்பை எடுத்துவிட்டு நிறத்தை வெளியே கொண்டுவரும். சூரியன் தோள் பக்கம் இருக்கும்போதுதான் அதற்கு வேலை அதிகம். அகலக் கோணத்தில் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறு பக்கம் வெளிறல் என்று பிரிந்து தெரிந்தால் கொஞ்சம் திருப்பி விடுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள்.

உடம்புக்கு: கணுக்காலை மூடும் பூட்ஸ், முழுக்கால் பேன்ட், காற்றுக்கும் மழைக்கும் ஒரு ஜாக்கெட், தண்ணீர், தலையில் மாட்டும் டார்ச், விசில். கீழே ஊரில் டி-ஷர்ட் போதும் என்று தோன்றும் மாலையிலும், மேலே சூரியன் போன பத்தாவது நிமிடம் விரல் விறைக்கும். 1:25,000 அளவு ஆர்டனன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவைத் துறை) வரைபடத்தைக் காகிதத்திலோ, இணையம் இல்லாமல் திறக்கும்படி போனிலோ வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

காரை விட்டு இறங்கியதும்

அமைப்புகளை இங்கேயே போட்டுவிடுங்கள், மேலே போய்த் தேடினால் வெளிச்சம் போய்விடும். கோப்பு வகை ரா, அதாவது கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு. நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ், பகல் வெளிச்சம். தானியங்கியில் விட்டால் மாலைப் பொன்னிறத்தைக் கேமரா பிழை என்று நினைத்துச் சரிசெய்துவிடும். அபெர்ச்சர் (லென்ஸின் துளை) முன்னுரிமை, எஃப் 11 (எண் கூடினால் துளை சிறுக்கும்), ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100. எல்லாம் தெளிவாக வரட்டும் என்று எஃப் 22க்குப் போகாதீர்கள். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி சிதறி, படம் முழுவதும் மெலிதாக மங்கும்.

போனில் எடுப்பவர்களுக்கு: முதலில் லென்ஸைத் துடையுங்கள். திரையில் வெளிச்சமான மேகத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள், பிறகு விரலைக் கொஞ்சம் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள், பக்கத்தில் நடந்து போங்கள். மற்றதெல்லாம் போனுக்கும் பொருந்தும்.

மதர் கேப்: வெயிலைப் படிக்கும் இடம்

பதினைந்து நிமிட ஏற்றத்தில் இந்தப் பாறை வரும். ஆள் உயரத்துக்கு மேல் தனியாக நிற்கிறது. இங்கே உடனே படம் எடுக்காதீர்கள். பாறையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் பாறை அட்டையில் வெட்டி வைத்தது மாதிரி தட்டையாக இருக்கும். இன்னும் கால் சுற்று போங்கள். வெயில் பக்கவாட்டில் வந்ததும் கல்லின் ஒவ்வொரு சுருக்கமும், அடுக்கும், படிந்திருக்கும் லைக்கன் எனும் பாசி போன்ற படிவும் எழுந்து நிற்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கிரிட்ஸ்டோன் என்பது சோளப்பொரி அளவுக்குக்கூட இல்லாத படிகக்கல் மணிகள் ஒட்டிய கல் என்பது தெரியும். அந்த மணிகளில் சில மினுங்கும். இன்னும் கால் சுற்று போனால் பாறை கருப்பு உருவமாகி, விளிம்பில் மட்டும் ஒரு கோடு ஒளி. மூன்று இடத்திலும் ஒவ்வொரு படம் எடுத்து, அங்கேயே நின்று திரையில் ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றைய மாலை முழுவதற்கும் கண் பழகிவிடும்.

இந்தக் கல்லில்தான் ஒரு காலத்தில் திரிகைக் கற்கள் வெட்டினார்கள். தொழில் படுத்ததும், செதுக்கி முடித்த வட்டக் கற்களை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்டானேஜ் பாறைச் சுவரின் அடியில் பெரணிக்குள் அவை இன்றும் கிடக்கின்றன, தேசியப் பூங்காவின் சின்னமும் திரிகைக் கல்தான். படத்தின் முன்னணிக்கு, அதாவது கேமராவுக்குக் கிட்டத்தில் தெரியும் பகுதிக்கு, இதைவிட நல்ல பொருள் மூரில் இல்லை என்பது என் எண்ணம். இன்னொரு மாலை கிடைத்தால் ஸ்டானேஜுக்கும் போய் வாருங்கள்.

ஹெதருக்கு நடுவே

ஓவர் அவ்லர் டோரைத் தாண்டியதும் பாதை ஹெதருக்குள் போகும். நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இது.

மூர் படம் வெறுமையாகத் தெரிவதற்குக் காரணம் முன்னணியில் ஒன்றும் இல்லாததுதான். எனவே முதலில் தூரத்தைப் பார்க்காமல் காலடியைப் பாருங்கள். பூ அடர்ந்த ஒரு கொத்து, அதன் பக்கத்தில் ஒரு கல், அங்கிருந்து பின்னால் போகும் ஒரு தடம் என்று மூன்றும் ஒரே கோட்டில் வருகிற இடத்தைத் தேடுங்கள். கேமராவை முழங்காலுக்குச் சற்று மேலே வையுங்கள். அதைவிடக் கீழே போனால் முன்னால் உள்ள கொத்து நடு நிலத்தை மறைத்துவிடும், நின்ற உயரத்தில் எடுத்தால் ஹெதர் தரைவிரிப்பாகிவிடும். அடிவானம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூரில் மரமோ கட்டடமோ இல்லாததால் ஒரு டிகிரி சாய்ந்தாலும் கண்ணில் குத்தும்.

ஃபோகஸை அடிவானத்தில் வைக்காதீர்கள். ஃபுல் ஃப்ரேம் எனும் பெரிய சென்சார் கேமராவில் 24 மில்லிமீட்டர், எஃப் 11 என்றால், சுமார் 1.8 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் 90 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம்வரை தெளிவாக இருக்கும். அதாவது இரண்டு எட்டு தூரத்தில் உள்ள ஒரு கல்லில் வைத்தால் போதும்.

அடுத்தது காற்று. முதல் வருடம் நான் எடுத்த படங்களில் பாறையெல்லாம் ஊசிபோலத் தெளிவாக இருந்தது, ஹெதர் மட்டும் ஊதாப் புகையாக இருந்தது. எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் திறந்திருந்த நேரம் நொடியில் எட்டில் ஒரு பங்கு. ட்ரைபாட் கேமராவைத்தான் பிடிக்கும், செடியை அல்ல. அதே வெளிச்சத்தில் எஃப் 8, ஐஎஸ்ஓ 800 என்று மாற்றினால் ஷட்டர் 1/250க்கு வந்துவிடும், பூ நிற்கும். இப்போது வரும் கேமராக்களில் ஐஎஸ்ஓ 800ல் படத்தில் வரும் பொடிப் புள்ளிகள் கண்ணை உறுத்துவதில்லை. ட்ரைபாடை அசைக்காமல் இரண்டு விதமாகவும் ஒவ்வொன்று எடுத்து, வீட்டில் பொருத்தமானதை எடுத்துக்கொள்ளலாம். காற்று சீராக அடிப்பதில்லை, அலையலையாக வரும். அலை ஓய்கிற இரண்டு நொடிக்காக விரலை வைத்துக் காத்திருங்கள்.

அகலமான காட்சியே வேண்டாம் என்று ஒரு பத்து நிமிடம் மண்டியிட்டு உட்காருங்கள். லிங் பூ ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான், இளம் ஊதா, ஒரு தண்டில் மேலிருந்து கீழ்வரை நெருக்கமாக அடுக்கியிருக்கும். சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இதழ்கள் வழியே ஒளி கசியும். எதிர்வெயிலை நான் ஆதரிப்பது இந்த ஒரு இடத்தில்தான். அந்த நேரம் பக்கத்துப் புதரிலிருந்து ரெட் க்ரௌஸ் பறவை படபடவென்று எழுந்து "கோ பேக், கோ பேக்" என்று கத்திக்கொண்டே தாழப் பறந்தால் திடுக்கிட வேண்டாம், அதன் குரலே அப்படித்தான்.

படத்துக்காகப் பூவை மிதித்து உள்ளே போகாதீர்கள். பாதை ஓரத்திலிருந்தே எல்லாம் கிடைக்கும். இந்த மூர்களில் விரியன் இனமான ஆடர் பாம்பும் உண்டு. கல் இடுக்கில் கை வைக்கும் முன் பாருங்கள், ஒதுங்கிப் போக விட்டால் தானே போய்விடும்.

ஹிக்கர் டோர்

உயரம் 434 மீட்டர். மேல்தளம் முழுக்கப் பெரிய பாறைகள். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாவது இங்கே வந்துவிட வேண்டும்.

வந்ததும் எல்லோரும் மேற்கு ஓரத்துக்குப் போவார்கள். நீங்கள் தென்கிழக்கு ஓரத்துக்குப் போங்கள். கீழே ஹெதருக்கு நடுவே ஒரு தீவு மாதிரி கார்ல் வார்க் தெரியும். பாறைகளும் கல்சுவரும் சூழ்ந்த பழைய அரண் அது, எந்தக் காலத்தில் கட்டியது என்பதில் தொல்லியலாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வெயில் வலது தோள் பக்கமிருந்து அதன்மேல் விழும். அதற்குப் பின்னால், இடது பக்கம், பர்பேஜ் ராக்ஸ் என்ற நீளமான பாறை விளிம்பு மேற்கைப் பார்த்து நிற்கிறது. கடைசி வெயில் நேராக அதன் முகத்தில் விழுந்து ஆரஞ்சாகும். பள்ளம் மேட்டைவிட முன்னதாகவே நிழலுக்குள் போய்விடும் என்பதால் கார்ல் வார்க்கை முதலில் எடுத்துவிடுங்கள். நிழல் கீழிருந்து ஏறி, ஊதா ஒவ்வொரு அடியாக அணைவதைப் பார்க்கலாம். பாதி நிழல், பாதி வெயில் என்று இருக்கும் அந்த நான்கைந்து நிமிடம்தான் எனக்கு இந்த மலையில் பிடித்த நேரம்.

வானமும் நிலமும் சேர்ந்து வரும்போது வெளிச்ச வித்தியாசம் கேமராவுக்குத் தாங்காது. ஹிஸ்டோகிராமை (இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் வரைபடம்) திறந்து, மேடு வலது ஓரத்தில் முட்டி நிற்காதபடி வெளிச்சத்தைக் குறையுங்கள். நிழலை ரா கோப்பிலிருந்து பிறகு மீட்கலாம், வெளுத்துப்போன மேகத்தை மீட்க முடியாது. சந்தேகமாக இருந்தால் ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுக்கும் ப்ராக்கெட்டிங் போட்டு, சரியானது ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று என மூன்று எடுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது. ட்ரைபாடில் இருக்கும்போது இரண்டு நொடி டைமர் வையுங்கள், விரல் அதிர்வு போய்விடும்.

அப்புறம் மேற்குப் பக்கம் வாருங்கள். நீள லென்ஸ் இருந்தால் இங்கேதான் வேலை. ஹோப் பள்ளத்தாக்கில் வின் ஹில், லூஸ் ஹில், மாம் டோர் என்று மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, தூரம் போகப் போக வெளிறி நிற்கும். சூரியனைப் படச் சட்டத்துக்கு வெளியே வைத்து, அடுக்குகளை மட்டும் எடுங்கள். நடுவில் சிமென்ட் ஆலையின் உயரமான புகைபோக்கி ஒன்று வரும். பலர் அதை அழித்துவிடுகிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் ஆட்கள் வாழ்ந்து வேலை செய்கிறார்கள், அது அந்த இடத்தின் பகுதிதான்.

சூரியன் போன பிறகு

மேற்கே நின்றவர்கள் இறங்கத் தொடங்குவார்கள். நீங்கள் கிழக்கே திரும்புங்கள். வானம் தெளிவாக இருந்தால் அடிவானத்தில் நீலச்சாம்பல் பட்டை ஒன்று மெல்ல எழும், அதுதான் பூமியின் நிழல். அதற்கு மேலே இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு தரையிலும் இறங்கி, ஹெதரின் ஊதா வெயிலில் இருந்ததைவிட ஆழமாகத் தெரியும். நிழலும் இல்லை, கண்கூச்சமும் இல்லை. ஷட்டர் ஒரு நொடி, இரண்டு நொடி என்று நீளும், ஆகவே காற்று அடங்கியிருந்தால் மட்டும் செடியைச் சேருங்கள், இல்லையென்றால் பாறையை எடுங்கள். பாறைத் தலையில் மழைநீர் தேங்கிய குழி கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள், உள்ளங்கை அளவு தண்ணீரில் முழு வானமும் இருக்கும்.

காற்று அடங்கினால் மிட்ஜ் எனும் சின்னக் கொசு கூட்டமாக வரும். லென்ஸில் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு படத்துக்கும் முன் பாருங்கள்.

இறங்கும்போது

வந்த வழியே திரும்புங்கள், இருட்டில் குறுக்குவழி வேண்டாம். ஹெதருக்கு அடியில் பள்ளம் தெரியாது, பிரகாசமான பச்சைப் பாசி தெரியும் இடம் பெரும்பாலும் சேறு. வழி தப்பினாலோ அடிபட்டாலோ அவசர உதவி எண் 999க்கு அழைத்து முதலில் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

இந்த மூரில் பாதையை விட்டு நடக்கவும் சட்டப்படி உரிமை உண்டு, 2000ல் வந்த சட்டம் கொடுத்தது. இப்படி நடக்கும் உரிமை கேட்டு 1932 ஏப்ரல் 24 அன்று பக்கத்திலுள்ள கிண்டர் ஸ்கவுட் மலையில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினார்கள், அதையொட்டிச் சிலர் சிறைக்குப் போனார்கள். அந்த உரிமையோடு கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை பறவைகள் தரையில் கூடு கட்டும் காலம், நாயைக் குட்டைக் கயிற்றில்தான் கூட்டிப் போக வேண்டும். எந்த மாதத்திலும் அடுப்போ பார்பெக்யூவோ மூட்டக்கூடாது. காய்ந்த பீட் தரைக்கு அடியில் நாள்கணக்கில் புகைந்து எரியும். 2018 ஜூனில் சேடில்வர்த் மூர் பற்றி எரிந்தபோது ராணுவத்தை அழைக்க வேண்டியிருந்தது. டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

காரில் ஏறும் முன் பேன்ட்டின் வெளிப்பக்கத்தைத் தட்டிவிடுங்கள். வீட்டுக்குப் போனதும், படத்தைக் கணினியில் போடுவதற்கு முன்பே, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பெரணியில் உரசினால் ஏறிவிடும், லைம் நோயைப் பரப்பக்கூடியது. இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், மூரில் நடந்த தேதியைச் சொல்லுங்கள். தேதி படக் கோப்பிலேயே இருக்கும்.